குதிரைக்கால் துப்பாக்கி விவகாரத்தில் என் மீது நானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
டார்வின் எல்ஸ்வொர்த் லூட்கே (வயது 68),
தரைக்கம்பளம் விரிக்கும் தொழிலாளி (ஓய்வு),
எண் 214, டிரை ஃபோர்க் சாலை,
டோலிவர், சேஜ்ஹென் மாவட்டம்.

பெறுநர்:
ஷெரீஃப் மாக்சீன் ஓஸ்டர்கார்டு அவர்கள்,
மாவட்ட ஷெரீஃப் அலுவலகம்,
டோலிவர்.

பொருள்: குட்டை நெம்புகோல் கைத்துப்பாக்கி ஒன்று சட்டவிரோதமானது என்று நான் கொடுத்த புகார் தவறு என ஒப்புக்கொள்ளுதல் – திரு. லெமுவேல் ஸ்ட்ராட் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட துப்பாக்கிகளை அக்டோபர் 14க்குள் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 14.08.2023.
2. தங்கள் அலுவலகம் அனுப்பிய பறிமுதல் பட்டியலின் நகல், நாள் 25.09.2023.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இதே கோணல் கையெழுத்தில் ஆகஸ்ட் மாதம் தங்களுக்கு மூன்று பக்கப் புகார் ஒன்று வந்தது நினைவிருக்கலாம். "பொதுமக்கள் பாதுகாப்பில் அக்கறை கொண்ட குடிமகன்" என்று அதில் என்னை நானே வர்ணித்திருந்தேன். அந்தக் குடிமகன் மீதுதான் இப்போது புகார் கொடுக்கிறேன். அவர் சொன்னதை நம்பித் தாங்கள் நடவடிக்கை எடுத்தீர்கள். அதில் தங்கள் மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவரை எனக்கு அறுபத்தெட்டு ஆண்டுகளாகத் தெரியும். அவ்வளவு நம்பத்தக்க ஆள் இல்லை.

1. டிரை ஃபோர்க் பழைய பாணி துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் நான் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினர். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை இருபத்துமூன்று பேர், பெரும்பாலும் முழங்கால் வலிக்காரர்கள், நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய கௌபாய் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு இரும்புத் தகடுகளைச் சுடுவோம். சுடுவதற்கு முன் அன்றைய கதைக்கு ஏற்ற வசனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். "இந்த பேங்க்ல ஒரு பய உள்ள வரக்கூடாது" என்று முழங்கிவிட்டு நான் தகட்டுக்குப் பக்கத்து மண்ணைச் சுடுவது வழக்கம்.

2. எங்கள் சங்கத்தில் யாரும் சொந்தப் பெயரில் சுடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. நாடு முழுவதும் ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்பதால், நான் சேர்ந்தபோது இடி, மின்னல், சாவு, கழுகு ஆகிய எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்ததில் எனக்குக் கிடைத்தது 'வெதுவெது வாலஸ்'. என் சுடும் திறமைக்கு அது பொருத்தம் என்று என் மனைவி ரோவீனா கருதுகிறார். களத்துக்குள் யாராவது நிஜப் பெயரைச் சொன்னாலோ, அடுத்தவருடைய நிஜப் பெயரைக் கேட்டாலோ, அன்றைய பீன்ஸ் பானையை அவர்தான் கழுவ வேண்டும். அடிப்பிடித்த பானை அது. எனவே யாரும் கேட்பதில்லை. இந்த விதியைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

3. அந்த பீன்ஸைச் சமைப்பவர் 'பீன்ஸ் பாதிரி'. பதினோரு ஆண்டுகளாகக் குண்டு நிரப்பும் மேசையில் எனக்கு இடப்பக்கம் நிற்பவர். அவருக்கு என்ன மாத்திரை, எந்த வேளைக்கு என்பது எனக்குத் தெரியும். அவருடைய நாய்க்கு எந்தக் காது கேட்காது என்பது தெரியும். மனைவி எந்த வருடம் விட்டுப் போனார், போகும்போது எந்த நாற்காலியை எடுத்துப் போனார் என்பதுகூடத் தெரியும். பெயர் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது. அது ஒரு குறை என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

4. இனி துப்பாக்கி பற்றி. ரைஃபிளைப் போலவே நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்துக் குண்டேற்றும் துப்பாக்கி. ஆனால் குழலும் குட்டை, பின்கட்டையும் குட்டை, இடுப்பில் உறை போட்டு மாட்டலாம். இதை எங்கள் பக்கத்தில் குதிரைக்கால் என்பார்கள். இதனால் ஒரு பயனும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சங்கத்தின் முக்கியப் போட்டிகளில் அனுமதி இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பக்கப் போட்டியில் மட்டும் உண்டு. ரோவீனா கேட்டதை அப்படியே தருகிறேன்: "தோள்ல வெச்சுச் சுட முடியாது, ஒரு கையில தூக்கவும் முடியாது. அப்புறம் எதுக்கு டார்வின் அது உனக்கு?" ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைத்ததும் அவரிடம் சொல்வதாக இருக்கிறேன்.

5. எங்கள் மாநிலத்தில் அதை வாங்க நான் பட்ட பாடு தங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் பேசியிருக்கிறேன். பார்க்க ரைஃபிளின் குட்டித்தம்பி போல இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கைத்துப்பாக்கி. கைத்துப்பாக்கி என்றால், மாநிலம் சோதித்து ஒப்புதல் கொடுத்த பட்டியலில் பெயர் இருந்தால்தான் கடையில் புதிதாக விற்கலாம். குதிரைக்கால் எதுவும் பட்டியலில் இல்லை. பட்டியலில் சேர்க்க யார் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டேன்; தயாரிப்பவர்தான் என்றார்கள். தயாரிப்பவருக்கு எழுதினேன். அவர்கள் ஒரு தொப்பி அனுப்பினார்கள்.

6. மாநில எல்லையைத் தாண்டி முப்பது மைலில், தூண்டில் புழு விற்கும் கடை ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குதிரைக்கால் சாதாரணமாகப் படுத்திருக்கும். ஒன்பது முறை போய்ப் பார்த்திருக்கிறேன். கூட்டரசுச் சட்டப்படி ஒருவர் தன் மாநிலத்துக்கு வெளியே உள்ள கடையில் கைத்துப்பாக்கியை வாங்கி எடுத்து வர முடியாது. ரைஃபிள் என்றால் வேறு விதி. கடைக்காரப் பெண்மணி இதை ஒன்பது முறையும் பொறுமையாகச் சொன்னார். கடைசி முறை நான் உள்ளே நுழையும்போதே, "வாங்க பெரியவரே, இன்னிக்கும் அதே சட்டம்தான்" என்றார். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வர வெட்கப்பட்டுப் புழு வாங்கி வந்தேன். நான் மீன் பிடிப்பதில்லை.

7. அடுத்துச் சொல்லப்போவதை என் பழைய புகாரில் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தப் புகாரே வந்திருக்காது. கடந்த மே மாதம் என் சொந்த ரைஃபிளை வண்டிக் கொட்டகையில் மேசை மேல் கிடத்தி, குழலின் மீது சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். பின்கட்டையில் இன்னொரு கோடு. அங்கே அறுத்தால் குதிரைக்கால் கிடைக்கும். கூடவே பத்து ஆண்டு வரை கூட்டரசுச் சிறையும் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கோடு போட்டேன். ரம்பத்தைத் தேடினேன். காணவில்லை. ரோவீனா அதைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அந்த ரைஃபிளின் நீளம் இன்றும் குறையாமல் இருக்கிறது; தாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சாக்கட்டிக் கோட்டைத் துடைத்துவிட்டேன்.

8. ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, பீன்ஸ் பாதிரி இடுப்பில் குதிரைக்காலோடு வந்து இறங்கினார்.

அம்மையீர், பொறாமை என்ற சொல்லை நான் மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டுமே பயன்படுத்தி வந்தவன். அன்று எனக்கு வயிறு எரிந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு ரெண்டு மாசம் பொறு வாலஸ். உன் வாய் தானா அடைச்சுப் போயிடும்" என்றார். பிறகு பீன்ஸைக் கிளறப் போய்விட்டார். எனக்கு அன்று பீன்ஸ் இறங்கவில்லை.

கம்பளத் தொழிலில் நாற்பத்தொரு ஆண்டு இருந்தவன் நான். ஒரு அறையை வாசலில் நின்று பார்த்தே கால் அங்குலத்துக்குள் அளவு சொல்லுவேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தக் கண்ணால், நாற்பதடி தூரத்தில், வெயிலில், தொப்பி விளிம்புக்குக் கீழே அவருடைய துப்பாக்கியை அளந்தேன். குழல் பத்தே முக்கால் அங்குலம் என்று முடிவு செய்தேன்; தொழிற்சாலையில் வருவது பன்னிரண்டு. கடையில் கிடைக்காத பொருள். ஆகவே ரைஃபிளை அறுத்துச் செய்தது என்றும் முடிவு செய்தேன். நான் செய்ய நினைத்ததை அவர் செய்துவிட்டார் என்று நம்புவது எனக்கு மிகவும் எளிதாக இருந்தது.

9. 14ஆம் தேதி புகார் எழுதினேன். மாவட்டப் பாதுகாப்பு, சட்டத்தின் மாண்பு என்றெல்லாம் அதில் வருகிறது. அவை எதற்கும் இதில் தொடர்பில்லை. தங்கள் வசதிக்காக அந்தப் புகாரில் நான் அடுக்கிய சந்தேகங்களையும், அவற்றின் உண்மை நிலையையும் கீழே தருகிறேன்.

(அ) "கொலை மிரட்டல் விடுத்தார்: 'வாய் தானாக அடைத்துப் போகும்' என்றார்." சொன்னார். ஆனால் மிரட்டலாகச் சொல்லவில்லை. அது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அவர் ஒரு குளவியைக்கூட அடித்ததில்லை, தொப்பியால் ஓட்டித்தான் விடுவார்.

(ஆ) "இடுப்புப் பெல்ட்டை அடிக்கடி மேலே இழுத்துக்கொண்டிருந்தார், இது குற்ற உணர்வால் வரும் பதற்றம்." இழுத்துக்கொண்டிருந்தார் என்பது உண்மை. காரணம் பின்னால் வருகிறது.

(இ) "சக உறுப்பினர்களைத் தனித்தனியாக ஓரம் கட்டி என்னைப் பற்றி விசாரித்தார், தாக்குதலுக்கு நோட்டம் பார்த்திருக்கலாம்." விசாரித்தார் என்பது உண்மை.

(ஈ) "அன்று அவர் யாருடைய பெயரையும் சொல்லாமலிருந்தும் தானே முன்வந்து பானையைக் கழுவினார்; தடயம் அழிக்கும் முயற்சியா என ஆராய வேண்டும்." பீன்ஸ் பானையில் என்ன தடயம் இருக்கும் என்று நான் நினைத்தேன் என்பதை இப்போது எனக்கே விளக்க முடியவில்லை.

குற்றம் சாட்டப்படுபவரின் பெயர் என்ற இடத்தில் "பீன்ஸ் பாதிரி" என்று எழுதினேன். தந்தை பெயர் தெரியாது, முகவரி தெரியாது. அங்க அடையாளம் என்ற இடத்தில் "நல்ல மனிதர் போலத் தோற்றம்" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் புகாரில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.

10. ஆகஸ்ட் 30 அன்று தங்கள் துணை ஷெரீஃப் திரு. பெனாவிடெஸ் சங்கப் பதிவேட்டிலிருந்து முகவரி பெற்று, அவர் வீட்டுக்குப் போய் எல்லாத் துப்பாக்கிகளையும் எடுத்து வந்தார். மிரட்டல் என்று நான் எழுதியதால், அக்டோபர் 27ஆம் தேதி விசாரணை முடியும்வரை அவர் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, என்னிடம் பேசக் கூடாது, நான் இருக்கும் இடத்துக்கு நூறு கெஜத்துக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. என் நிஜப் பெயர் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் கேட்டிருந்ததால், அவருக்குப் போன நகலில் நான் வெறும் 'வெதுவெது வாலஸ்'தான். எனக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று ரோவீனாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் போய் ரம்பத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இதையும் சேர்த்துக் கொண்டு போய்க் குடு. எந்த ரைஃபிளுக்கு நீ கோடு போட்டேன்னும் அவங்களுக்குச் சொல்லு" என்றார். அன்று அதை நான் கேட்கவில்லை. இன்று இந்த மனுவின் ஏழாம் பத்தியில் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 9 போட்டிக்கு அவர் வரவில்லை. நான் இருக்கும் இடத்துக்கு அவர் வர முடியாது. பீன்ஸ் சமைக்க ஆளில்லாமல் நானே சமைத்தேன். இருபத்திரண்டு பேரில் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அன்று எங்கள் செயலாளர் 'தூசி டோரா' பானையைப் பார்த்துவிட்டு, "போன மாசம் பாதிரி இதைக் கழுவுனானே, ஏன்னு தெரியுமா உனக்கு? உன் நிஜப் பேரை எங்கிட்ட கேட்டான். சொல்ல மாட்டேன், பேரு கேட்டதுக்குப் பானையைக் கழுவுன்னேன். அப்படியே கழுவிட்டுப் போனான்" என்றார். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் பெயர் அவருக்கு எதற்கு என்று இன்னும் கொஞ்சம் பயந்தேன்.

11. செப்டம்பர் 26 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து, புகார்தாரர் என்ற முறையில், பறிமுதல் பட்டியலின் நகல் எனக்கு வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன்.

மேலே முதல் வரியில் "லெமுவேல் ஸ்ட்ராட், வயது 71" என்று இருந்தது. யாரோ தெரியாதவருடைய காகிதம் தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அது பீன்ஸ் பாதிரி என்று புரிந்தது. பதினோரு ஆண்டு என் இடப்பக்கம் நின்றவருடைய பெயரை, நான் அவரை மாட்டிவிட்ட காகிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். இதைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பட்டியலில் ஏழு பொருள்கள் இருந்தன. முதல் நான்கும் எல்லா உறுப்பினர்களும் வைத்திருக்கும் இரண்டு சுழல் துப்பாக்கிகள், ஒரு ரைஃபிள், ஒரு இரட்டைக் குழல். ஐந்தாவது அந்தக் குதிரைக்கால்: குழல் நீளம் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். என் கண்ணைப் பற்றிய என் பெருமை அங்கேயே முடிந்தது.

ஆறாவது: "உறையுடன் கூடிய புதிய தோல் பெல்ட் ஒன்று. நீளம் 46 அங்குலம். உட்புறம் 'வெ.வா.' என்று பொறிக்கப்பட்டுள்ளது."

அம்மையீர், திரு. ஸ்ட்ராட் ஒல்லியான மனிதர். இடுப்பு முப்பத்திரண்டு அங்குலத்தைத் தாண்டாது. அன்று காலை முழுவதும் அவர் பெல்ட்டை மேலே இழுத்துக்கொண்டிருந்தது பதற்றத்தால் இல்லை. அது அவருடைய பெல்ட்டே இல்லை. நாற்பத்தாறு அங்குல இடுப்பு எங்கள் சங்கத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. ஊரில் உள்ள அறைகளை எல்லாம் அளந்தவன், தன் சொந்த இடுப்பு இன்னொருவர் மேல் தொங்கியபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஏழாவது: "கைத்துப்பாக்கி உரிமை மாற்றப் படிவம் ஒன்று, பாதி நிரப்பியது. தருபவர்: லெமுவேல் ஸ்ட்ராட். பெறுபவர் பெயர்: காலி. ஓரத்தில் பென்சிலில்: வாலஸ் – நிஜப் பேரு கேக்கணும், அவனுக்குத் தெரியாம."

12. அன்று மதியமே தங்கள் அலுவலகத்துக்கு வந்து திரு. பெனாவிடெஸைப் பார்த்தேன். அவர் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். எனக்கு அது தேவைப்பட்டது. கடையில் கிடைக்காத பொருள் அவரிடம் எப்படி வந்தது என்று விளக்கினார். பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியைக் கடையில் புதிதாக விற்கத்தான் தடை. ஏற்கெனவே மாநிலத்துக்குள் முறையாக வந்துவிட்ட ஒன்றை, இங்கே வசிக்கும் ஒருவர் இங்கே வசிக்கும் இன்னொருவருக்கு, உரிமம் பெற்ற கடைக்காரர் முன்னிலையில் எழுதி மாற்றிக் கொடுக்கலாம். கடந்த வருடம் வேறு மாநிலத்திலிருந்து நம் ஊருக்குக் குடிவந்த பல் மருத்துவர் ஒருவர் தன் சாமான்களோடு ஒரு குதிரைக்காலையும் கொண்டுவந்து முறைப்படி பதிவு செய்திருக்கிறார். திரு. ஸ்ட்ராட் ஜூலையில் அவரிடமிருந்து அதை வாங்கிப் பத்து நாள் காத்திருந்து பெற்றிருக்கிறார். அந்தப் பல் மருத்துவர் வீடு என் வீட்டிலிருந்து நான்கு மைல். அவருடைய வரவேற்பறைக்குக் கம்பளம் விரித்தவனும் நான்தான். ஒன்பது முறை எல்லை தாண்டிப் புழு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று.

சரி, அறுத்த துப்பாக்கி இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "நீளத்தை வெச்சு இல்லீங்க சார், பொறப்பை வெச்சு. தொழிற்சாலையிலயே கைத்துப்பாக்கியா பொறந்தா அது கைத்துப்பாக்கி. ரைஃபிளா பொறந்ததை அறுத்துக் குட்டையாக்கினா குத்தம். ரெண்டையும் பக்கத்துல வெச்சா உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது. இதோட வரிசை எண்ணைத் தயாரிச்சவங்ககிட்டயே கேட்டாச்சு. இது கைத்துப்பாக்கியா பொறந்ததுதான்."

பிறகு தயங்கி, "துப்பாக்கியில ஒண்ணும் இல்லீங்க. இப்ப அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது உங்க வாக்குமூலம்தான்" என்றார். உடனே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுந்தேன். "போகாதீங்க. நீங்க அவர் வாசல்ல நின்னு அவர் கதவைத் திறந்தாலே உத்தரவை மீறின மாதிரி ஆயிடும், மாட்டுறது அவருதான்" என்றார். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

13. அவசரத்துக்குக் காரணம் இது. திரு. ஸ்ட்ராட்டுக்கு இடது கண் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணும் மங்கி வருகிறது. இது எனக்கு அவர் சொல்லித் தெரியவில்லை. கடந்த சனிக்கிழமை தூசி டோரா சொன்னார். நவம்பர் முதல் வாரம் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆயிரத்து நானூறு மைல் தள்ளியிருக்கும் தங்கையிடம் போகிறார். அக்டோபர் 14 போட்டிதான் அவருடைய கடைசிப் போட்டி. அன்று எல்லோர் முன்னாலும் எனக்கு அதைக் கொடுத்து என் வாயை அடைப்பதாக டோராவிடம் சொல்லியிருந்தாராம். விசாரணை 27ஆம் தேதி. அதற்குள் 14 போய்விடும். அவர் கண்ணுக்கு அடுத்த வருடம் என்ற ஒன்று இருக்குமா என்பது தெரியாது.

இந்த ஒரு வாரமாக ரோவீனாவிடம் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் நான் பேசவில்லை. வெட்கமாக இருக்கிறது அம்மையீர். அதை எழுதுவதற்கு மனுவில் எந்தப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாததால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

14. எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

(அ) என் 14.08.2023 புகாரை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். திரு. ஸ்ட்ராட் என்னை மிரட்டவில்லை என்று சத்தியப்பிரமாணம் செய்து இத்துடன் இணைத்துள்ளேன். இதை அடுத்த நீதிமன்ற வேலை நாளிலேயே நீதிபதி முன் வைத்து, உத்தரவை 14ஆம் தேதிக்கு முன் நீக்கி, அவருடைய துப்பாக்கிகளைத் திருப்பித் தர உதவ வேண்டும்.

(ஆ) பொய்யான தகவல் கொடுத்ததற்கு என் மீது என்ன நடவடிக்கை உண்டோ அதைத் தடையின்றி எடுக்கலாம். என் துப்பாக்கிகளைச் சிறிது காலம் தாங்கள் வைத்துக்கொள்ள விரும்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாவட்டத்தின் மண்ணுக்கு அது நிம்மதியாக இருக்கும்.

(இ) குதிரைக்கால் விஷயத்தில் எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். உத்தரவு நீங்கி, எழுதி மாற்றி, அதன்பின் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் 14ஆம் தேதிக்குள் அது எனக்கு எப்படியும் வந்து சேராது. எனக்கு அது சரியான தண்டனை. அன்றைய பக்கப் போட்டியில் அதை அவரே இடுப்பில் மாட்டிக்கொண்டு சுட வேண்டும் என்பது என் ஆசை. பெல்ட்டில் முப்பத்திரண்டு அங்குலத்தில் கூடுதலாக ஒரு துளை போட்டுக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் அந்த அளவும் என் கண் சொன்னதுதான், நம்ப வேண்டாம். யாராவது டேப் வைத்து எடுக்கவும்.

(ஈ) என்னிடம் பேச அவருக்கும், அவரிடம் போக எனக்கும் வழியில்லாததால், இந்த மனுவின் நகலைத் தங்கள் அலுவலர் மூலம் அவரிடம் சேர்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு இருக்கும் ஒரே இடம் இப்போதைக்கு இந்தக் காகிதம்தான். கண் சிரமப்படும் என்பதால் யாராவது அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினால் நல்லது. புழு பற்றிய பத்தியில் அவர் சிரித்தாரா என்று பிறகு எனக்குத் தெரிவிக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன், இது கட்டாயமில்லை.

15. நிஜப் பெயரைச் சொல்பவர் பானையைக் கழுவ வேண்டும் என்பது சங்க விதி. இந்த மனுவில் அவருடைய நிஜப் பெயரைப் பல இடங்களில் எழுதியிருக்கிறேன். 14ஆம் தேதி அவர் சமைத்தால் பானையை நான் கழுவுகிறேன். அவர் போன பிறகு வேறு யார் சமைத்தாலும் நானே கழுவுகிறேன். இதைச் சங்கத்துக்குத் தனியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் படிவத்தில் பெறுபவர் என்ற இடம் இன்னும் காலியாக இருப்பதாகத் திரு. பெனாவிடெஸ் சொன்னார். அதைக் கிழித்துப் போடவோ, வேறு யாருடைய பெயரையாவது எழுதவோ திரு. ஸ்ட்ராட்டுக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒருவேளை இன்னமும் பென்சிலோடு யோசித்துக்கொண்டிருந்தால், அவர் யாரிடமும் கேட்டு இன்னொரு முறை பானை கழுவ வேண்டாம் என்பதற்காக, இருபத்துமூன்று பேரில் ஒருவரும் அவருக்குச் சொல்லாததை நானே கீழே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

நாள்: 02.10.2023
இடம்: டோலிவர்

தங்கள் உண்மையுள்ள (இந்த முறை),

டார்வின் எல்ஸ்வொர்த் லூட்கே
(வெதுவெது வாலஸ்)

இணைப்பு:
1. சத்தியப்பிரமாணம், இரண்டு படிகள்.
2. ரம்பம் ஒன்று. என் மனைவியின் வேண்டுகோளின்படி.

நகல்: திரு. லெமுவேல் ஸ்ட்ராட் அவர்களுக்கு. பாதிரி, என் பேரு டார்வின்.